தற்பெருமைச் சொற்களும் கேமரன் மலையின் மொழிகளும்

தன்னைத்தானே உயர்த்திப் பேசுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் இருபதுக்குக் குறையாதவை. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஆங்கில–தமிழ் அகராதிகள் தற்பெருமை, தற்புகழ்ச்சி, வீம்பு என்னும் சொற்களையே மாற்றி மாற்றித் தருவதால், அவை எல்லாம் ஒரே பொருளுடையவை என்று கற்பவர் கொள்ள நேர்கிறது. பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகத் தோன்றுகிறது. அவர்களுக்கு வீட்டில் தமிழும், அரசு அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் மலாயும், பள்ளிப் பாடத்திலும் சுற்றுலாத் தொழிலிலும் ஆங்கிலமும் வாழ்மொழிகளாக இருப்பதோடு, தானா ராத்தா, பிரிஞ்சாங் போன்ற சிற்றூர்களின் வணிகத்தில் சீனக் கிளைமொழிகளும் காதில் விழுகின்றன. ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது எப்போது முறையானது, எப்போது நகைப்புக்கு இடமானது என்பதை ஒவ்வொரு மொழியும் தனக்கே உரிய சொற்களால் வரையறுத்து வைத்திருப்பதால், ஒரு மொழியின் தீர்ப்பை மற்றொன்றின் சொல்லில் அப்படியே ஏற்றிவிட இயலாது.

முதலில் நோக்கத்தக்கவை 'போஸ்ட்', 'பிராக்' என்னும் இரு சொற்கள். அஞ்சலைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் 'போஸ்ட்' என்றே அமையுமாயினும், இங்குக் கருதப்படுவது முதலெழுத்து மெலிந்தொலிக்கும் வேறொரு சொல். இரண்டுமே தன் சிறப்பைத் தானே எடுத்துரைத்தலைக் குறிக்கின்றன. ஆயினும் போஸ்ட் என்பதில் பழியும் உண்டு, பழியற்ற பெருமிதமும் உண்டு. பிராக் என்பதிலோ பழி மட்டுமே பெரிதும் தங்கியிருக்கிறது. ஒரு குடும்பமோ ஊரோ பள்ளியோ தலைமுறைகளாகக் காத்துவரும் சிறப்பை அதன் 'பெருமைமிகு போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் மதிப்போடு சொல்ல முடியும். அவ்விடத்தில் பிராக் என்பதைப் பெய்தால் வாக்கியமே ஏளனமாகிவிடும். மேலும் முன்னது எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் பொதுவானது. பின்னது பேச்சு வழக்கின் சாயல் மிகுந்தது.

தோட்டத்தில் கொழுந்து எடைபோடும் இடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். அறுவடைப் பொறிகளும் கத்தரிகளும் கைப்பறிப்பைப் பெரிதும் விலக்கிவிட்ட காலத்திலும், வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் மலைச் சரிவுகளில் மிகுதியாக உழைக்கும் இக்காலத்திலும், எடை என்பது அங்கு யாவருக்கும் விளங்கும் அளவுகோல். ஒரு பெண் தன் கூடையை இறக்கி, தராசு காட்டியதைப் பார்த்துவிட்டு, இன்று தன் கூடையே எல்லாவற்றிலும் கனமானது என்று சொல்வதாகக் கொள்வோம். தராசு அதனை மெய்ப்பிக்கும் அந்த நொடியில் அது வெறும் செய்தி. மாலையில் அண்டை வீட்டாரிடம் மலர்ந்த முகத்தோடு அதைச் சொன்னால் போஸ்ட். கேட்டவர் சலித்த பிறகும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுவதும் அதையே சொல்லித் திரிந்தால் பிராக். கூடை இலேசாக இருந்தவளின் முகத்துக்கு நேராகவே சொன்னால் சேவலின் கூவலிலிருந்து பிறந்த 'குரோ' என்னும் சொல் வந்து சேரும். வாய் திறவாமல், அவளுடைய தாழ்வை உள்ளுக்குள் சுவைத்து நின்றால் அது 'குளோட்'. செய்தி ஒன்றே, அதைச் சொன்ன முறையும் கேட்பவர் நிலையும் மாறும்போது சொல்லும் மாறுகிறது.

இந்த எடுத்துக்காட்டில் இலக்கணக் கூறு ஒன்றும் அடங்கியுள்ளது. போஸ்ட் என்பதன்பின் 'ஆஃப்' என்ற இடைச்சொல்லும் 'அபௌட்' என்ற இடைச்சொல்லும் வரலாம். பிராக் என்பதன்பின் பெரும்பாலும் பின்னதே வரும். குரோ, குளோட் ஆகியவற்றின்பின் 'ஓவர்' வருகிறது. மேலே நிற்பதைக் குறிக்கும் 'ஓவர்' இவ்விரண்டோடும் சேர்வது பொருளோடு பொருந்திய அமைப்பாகும், ஏனெனில் இவற்றில் ஒருவரின் உயர்வு மற்றொருவரின் தாழ்வின்மேல் ஏறி நிற்கிறது. தமிழில் 'பீற்றிக்கொள்ளுதல்' பிராக் என்பதற்கு மிக நெருங்கியது. பேச்சில் 'பீத்திக்கிறான்' என்று வழங்கும் அச்சொல்லில் உள்ள வெறுப்பின் அளவும் ஏறத்தாழ ஒத்தது. குளோட் என்பதற்கு ஒரே சொல்லாகத் தமிழில் எதுவும் நேராகப் பொருந்தவில்லை. 'பிறர் தாழ்வில் உள்ளூர மகிழ்தல்' என்று விரித்தே சொல்ல வேண்டியுள்ளது.

நாவால் அன்றி உடலாலும் உடைமையாலும் செய்யப்படும் தற்பெருமைக்குத் தனிச் சொற்கள் உள்ளன. 'ஸ்வாகர்' என்பது நடையிலும் தோரணையிலும் தெரியும் மிடுக்கு. 'ஷோ ஆஃப்' என்பது திறமையையோ பொருளையோ பிறர் கண்ணில் படும்படி விரித்துக் காட்டுதல். 'ஸ்வாங்க்' என்னும் பிரித்தானிய வழக்குச் சொல் செல்வத்தையும் சமூக உயர்வையும் காட்டிக்கொள்ளுதல். இவ்வகையில் தமிழ் வறுமைப்படவில்லை. பகட்டு, படாடோபம், ஜம்பம், பந்தா, அலட்டல், மினுக்கல் என்பன ஒவ்வொன்றும் ஒரு தனி நிறமுடையவை. மலேசியப் பேச்சு வழக்கு இவ்விடத்தில் தன் சொந்தப் பங்களிப்பையும் செய்திருக்கிறது. செயலைக் குறிக்கும் 'ஆக்‌ஷன்' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல், இந்நாட்டின் பேச்சு ஆங்கிலத்தில் பகட்டிக்கொள்ளுதலையும் பகட்டுபவரையும் குறிக்கும் சொல்லாகி, மலாயில் 'எக்‌ஷென்' எனத் திரிந்து, தமிழ்ப் பேச்சிலும் 'ஆக்‌ஷன் காட்டுதல்' என நிலைபெற்றுள்ளது. இலண்டனில் இச்சொல்லை இப்பொருளில் ஆண்டால் விளங்காது. அதனால் அது பிழை என்று ஒதுக்குவது சரியன்று. ஒரு மொழியின் சொல் புதிய மண்ணில் புதிய பொருள் கொள்வது மொழிகளின் இயல்பு. எந்த வழக்கை எந்த இடத்தில் ஆள வேண்டும் என்பதை மாணவர் அறிந்தால் போதுமானது.

நூல்வழிச் சொற்களை இங்குச் சுருக்கமாகச் சுட்டினால் போதும். 'ராடமாண்டேட்' என்பது இத்தாலியக் கவிஞர்கள் போயார்டோ, அரியோஸ்தோ ஆகியோரின் காப்பியங்களில் வரும் ரோடமாந்தே என்னும் வீரனின் பெயரால் அமைந்தது. 'பிராகடோச்சியோ' என்பது 1590-இல் வெளிவந்த எட்மண்ட் ஸ்பென்சரின் 'ஃபேரி குவீன்' காப்பியப் பாத்திரத்தின் பெயர். 'திரசானிக்கல்' என்பது கி.மு. 161-இல் அரங்கேறிய டெரன்ஸின் நாடகத்தில் வரும் திராசோ என்னும் படைவீரனைச் சுட்டுவது. 'காஸ்கனேட்' என்பது பிரான்சின் காஸ்கனி நாட்டாரின்மேல் ஏற்றப்பட்ட பழி. இன்றைய வழக்கில் இவை அரியவை. ஆயினும் இவற்றுள் மூன்று, வாள் பிடித்தவனின் வாய்ப்பேச்சைக் குறித்துப் பிறந்தவை என்பது நோக்கத்தக்கது. போர்க்களத்தில் மெய்ப்பிக்க வேண்டியதை விருந்திலும் வீதியிலும் வாயால் முடித்துவிடும் வீரனே ஐரோப்பிய நாடக மரபில் தற்பெருமைக்காரனின் முதல் வடிவம். தமிழில் இதற்கு நேரானது 'வாய்ச்சவடால்'.

அந்த வீரனுக்கு மாறாக, தன்னுரைக்காகவே மதிக்கப்பட்ட மற்றொரு வீரன் ஆங்கிலத்தின் பழைய இலக்கியத்தில் இருந்தான் என்பதை இச்சொல்லாய்வு எளிதில் கடந்துவிடக் கூடாது. பழைய ஆங்கிலத்தில் 'பெயோட்' என்றொரு சொல் உண்டு. ஒரு வீரன் தான் முன்பு செய்தவற்றை அவையில் எடுத்துரைத்து, இனிச் செய்யப்போவதையும் சூளுரைத்து, அதனை முடிக்காவிடில் உயிர் விடுவதற்கும் ஒருப்படுதலை அது குறித்தது. கி.பி. 1000 அளவில் எழுதப்பட்ட ஏட்டில் நமக்குக் கிடைத்துள்ள 'பெயோவுல்ஃப்' காப்பியத்தில் இதன் முழு வடிவையும் காணலாம். டேனிய மன்னனின் அவையில் அன்ஃபெர்த் என்பவன், பிரெக்காவோடு நிகழ்த்திய கடல்நீச்சலில் பெயோவுல்ஃப் தோற்றவன் என்று இகழ்கிறான்; பெயோவுல்ஃப் அந்நிகழ்வின் உண்மையை விரித்து, கடலில் தான் ஒன்பது கொடிய உயிர்களைக் கொன்றதைச் சொல்லி, அத்தகைய செயல் எதுவும் அன்ஃபெர்த்தைப் பற்றிக் கேட்கப்பட்டதில்லை என்று மறுமொழி தருகிறான்; பின்னர்க் கிரெண்டல் என்னும் அரக்கனை ஆயுதமின்றி எதிர்ப்பதாகச் சூளுரைத்து, அவ்வாறே செய்து முடிக்கிறான். அவனுடைய தன்னுரை அவனைக் கட்டிய கயிறு. அதனாலேயே அது பழிக்கப்படவில்லை. இதே காலத்தில் தற்பெருமை பேசுதலைக் குறித்த மற்றொரு பழஞ்சொல்லிலிருந்தே, நாய்க்குட்டியின் கீச்சொலியைக் குறிக்கும் இன்றைய 'யெல்ப்' என்ற சொல் வந்தது. வீரனின் அவைக்குரலாக இருந்த சொல் சிற்றுயிரின் அலறலாகச் சுருங்கிய இந்த வரலாறு, தன்னைப் பற்றிய பேச்சை ஆங்கிலச் சமூகம் மதித்த முறை எவ்வளவு மாறிற்று என்பதற்குத் தக்க சான்று.

தமிழ் மரபு இவ்விடத்தில் ஆங்கிலத்தினும் தெளிவான வரையறைகளை உடையது. தொல்காப்பியப் புறத்திணையியல் 'நெடுமொழி' என்பதைத் துறையாகவே வகுக்கிறது. வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைத்தல் அது. மன்னன் இன்னது செய்யேனாயின் எனக்கு இன்ன இழிவு நேர்க என்று உரைக்கும் வஞ்சினக் காஞ்சிக்குப் புறநானூற்றின் 71, 72, 73-ஆம் பாடல்கள் எடுத்துக்காட்டுகள். அவற்றுள் 72-ஆம் பாடலில் பாண்டியன் நெடுஞ்செழியன் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் தண்டனைகளுள் ஒன்று, மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாது ஒழிக என்பது. தான் சொன்னதை முடிக்காவிட்டால் பிறர் தன்னைப் புகழும் உரிமையையே இழப்பேன் என்று ஒரு மன்னன் உரைப்பது, தன்னுரையின் விலையைத் தமிழர் எவ்வளவு உயர்த்தி வைத்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது. திருக்குறளும் இரு நிலைகளையும் அறிந்தே பேசுகிறது. தன்னை வியந்துகொள்வதைக் குற்றங்கடிதல் அதிகாரம் கண்டிக்கிறது. செருக்கு அங்கு நீக்கத்தக்க குற்றம். அதே சொல் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் வீரர்க்கு உரிய பெருமிதமாகிறது. எனவே செருக்கு என்ற சொல்லைப் பழிச்சொல் என்று மட்டும் கற்பிப்பது குறைபாடுடையது.

இவற்றினும் பயன்மிக்கது நன்னூலின் பாயிரப் பகுதி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கணம், ஒரு நூலின் சிறப்பை ஆசிரியனே சொல்லிக்கொள்ளலாகாது என்றும், அவனுடைய ஆசிரியன், உடன்கற்றவன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரே சொல்லத் தக்கவர் என்றும் விதிக்கிறது. முன்பு இல்லாத ஒன்றைப் படைத்துத் துறைபல முடித்தவனுக்கும் தற்புகழ்ச்சி தகாது என்று அழுத்தியும் உரைக்கிறது. அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்குகளைத் தருகிறது. அரசனின் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லும் நேரத்திலும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும். பெயோவுல்ஃபின் மறுமொழி இந்நான்காம் விலக்கில் அப்படியே அடங்குவது வியப்புக்குரியது. ஒருவரையொருவர் அறியாத இரு மரபுகள் ஒரே நெறியைக் கண்டிருக்கின்றன. முதல் விலக்கோ இன்றைய வேலை விண்ணப்பத்துக்கு முற்றும் பொருந்தும். அடக்கத்தை அறமாகக் கற்று வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும்போது, தம் தேர்ச்சிகளைச் சொல்வதையே தற்பெருமை எனக் கருதித் தயங்குவதற்கு இடமுண்டு. அத்தயக்கத்தை நீக்க மேலைநாட்டு நூல் எதுவும் வேண்டியதில்லை, நன்னூலே போதும்.

தன்னுரை பேசுபவரைக் கட்டுகிறதா என்னும் இக்கேள்வி வணிகத்திலும் எழுகிறது. விளம்பரத்தில் பொருளை மிகைப்படுத்திப் புகழ்வதை ஆங்கிலம் 'பஃப்' என்று சொல்லும். ஊதிப் பெருக்குதல் என்பது அதன் அடிப்பொருள். இலண்டனில் கார்பாலிக் ஸ்மோக் பால் என்னும் மருந்துக் கருவியை விற்ற நிறுவனம், அதை முறைப்படி பயன்படுத்திய பின்னும் இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்து, அதற்காக 1,000 பவுண்டு வங்கியில் வைத்திருப்பதாகவும் அறிவித்தது. காய்ச்சல் கண்ட திருமதி கார்லில் வழக்குத் தொடுத்தபோது, அவ்விளம்பரம் வெறும் பஃப் என்று நிறுவனம் வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1892 டிசம்பரில் அதை ஏற்க மறுத்தது. வங்கியில் பணம் வைத்ததாகச் சொன்னதே அச்சொல்லின் உறுதிக்குச் சான்று என்று கொண்டது. இன்றும் மலேசிய மாணவர் ஒப்பந்தச் சட்டம் கற்கையில் சந்திக்கும் வழக்கு இது. கேமரன் மலையின் தேயிலை விளம்பரங்களை இவ்வளவுகோலால் நோக்கலாம். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் பெயர், சீனத்தின் ஊயீ மலைக்கு வழங்கிய போஹியா என்ற பழைய பெயரிலிருந்து வந்தது என்பர். மக்கள் வழக்கில் அது 'பெஸ்ட் ஆஃப் ஹைலண்ட்ஸ்', அதாவது மலைநாட்டில் தலைசிறந்தது, என்று விரிக்கப்படுகிறது. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற 'அடா உம்ஃப்' என்னும் மலாய்த் தொடர், 'உம்ஃப்', அதாவது ஒருவகைத் துடிப்பு, உண்டு என்று மட்டும் சொல்கிறது. அதை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. இவ்வகைச் சொல் கேட்பவரை ஏமாற்றுவதும் இல்லை, சொல்பவரைக் கட்டுவதும் இல்லை. பஃப் என்பதன் தூய வடிவம் அதுவே.

மலாய் மொழி இப்பொருளில் மிக வளமானது. பெருமிதத்துக்குப் 'பங்கா', இறுமாப்புக்குச் 'சோம்போங்', பகட்டிக்கொள்வதற்குப் 'பெர்லாகாக்', பெரும்பேச்சுக்குச் 'சாக்காப் பெசார்' எனச் சொற்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. அதன் பழமொழிகள் அவற்றினும் கூர்மையானவை. முட்டை ஒன்றிட்டு ஊரையே எழுப்பும் கோழியையும், ஆயிரக்கணக்கில் இட்டும் அரவமின்றித் திரும்பும் ஆமையையும் எதிரெதிரே நிறுத்தும் பழமொழி ஒன்று. 'மாசோக் பாக்கோல், அங்காட் செண்டிரி' என்பது மற்றொன்று. கூடைக்குள் ஏறி நின்று அக்கூடையைத் தானே தூக்க முயல்பவன் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் தன் எக்காளத்தைத் தானே ஊதுவதாகவும், தமிழில் தம்பட்டம் அடிப்பதாகவும் தற்புகழ்ச்சியைச் சொல்லும்போது குற்றம் ஓசையின்மேல் விழுகிறது. மலாய்ப் பழமொழியோ குற்றத்தை எடையில் காண்கிறது. ஒருவரின் கனத்தைத் தூக்கிக் காட்ட வேண்டியவர் பிறர். தானே தூக்குவது தகாது என்பதோடு இயலவும் இயலாது என்கிறது. ஆசிரியனும் உடன்கற்றவனும் மாணாக்கனும் உரைகாரனும் புகழட்டும் என்ற நன்னூல் விதியின் காரணத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. கூடை சுமந்த தலைமுறைகள் வாழ்ந்த மலையில் தமிழாசிரியரும் மலாய் ஆசிரியரும் இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்க நல்வாய்ப்பு உண்டு.

அண்மைக் காலத்தில் ஆங்கிலத்தில் சேர்ந்த 'ஹம்பிள்பிராக்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குறைபட்டுக்கொள்வதுபோலவோ பணிவதுபோலவோ தன் சிறப்பை அறிவிக்கும் உத்தியை இது குறிக்கிறது. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஹாரிஸ் விட்டெல்ஸ் 2010-இல் டுவிட்டரில் இச்சொல்லைப் பரப்பி, 2012-இல் அப்பெயரிலேயே நூலும் வெளியிட்டார். செசர், ஜினோ, நார்ட்டன் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு, இவ்வாறு மறைத்துப் பேசுவோரைவிட வெளிப்படையாகத் தற்பெருமை பேசுவோரையே மக்கள் ஏற்கின்றனர் என்று கண்டது. பழி மிகைப்பேச்சில் மட்டும் இல்லை; நேர்மையின்மையிலும் உண்டு என்பது இதனால் புலப்படுகிறது.

எஞ்சி நிற்பது போஸ்ட் என்ற சொல்லின் மற்றொரு பயன்பாடு. இம்மலைக்கு மிக நெருங்கியதும் அதுவே. ஆங்கிலத்தில் ஓர் இடம் ஒரு சிறப்பை 'போஸ்ட்' செய்வதாகப் பழியின்றிச் சொல்லலாம். சுற்றுலா எழுத்தில் கேமரன் மலை பரந்த தேயிலைச் சரிவுகளையும் குளிர்ந்த காற்றையும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களையும் 'போஸ்ட்' செய்கிறது. பிராக், குரோ முதலிய எந்தச் சொல்லும் இவ்வாறு உயிரற்ற எழுவாயை எளிதில் ஏற்பதில்லை. இவ்வாக்கியத்தைப் 'பெருமையடித்துக்கொள்கிறது' என்று தமிழாக்குவது பிழை. இதற்குப் பொருத்தமான சொல் தமிழில் பல நூற்றாண்டுகளாகவே உண்டு. சேரநாட்டுக்கு யானையையும் சோழநாட்டுக்குச் சோற்றையும் பாண்டிநாட்டுக்கு முத்தையும் உரிமையாக்கும் ஔவையாரின் தனிப்பாடல் ஆளும் 'உடைத்து' என்னும் சொல்லே அது. அப்பாடல் தொண்டை நாட்டுக்கு உரிமையாக்குவது எந்த விளைபொருளையும் அன்று. அந்நாடு சான்றோரை உடையது என்கிறது.

கேமரன் மலையைப் பற்றிய வாக்கியங்களில் குறைவது அந்த நான்காம் உறுப்பே. வில்லியம் கேமரன் 1885-இல் நில அளவை செய்ததும், ரஸ்ஸல் 1929-இல் தோட்டம் தொடங்கியதும் பெயரும் ஆண்டுமாக ஒவ்வொரு கையேட்டிலும் இடம்பெறுகின்றன. காட்டை வெட்டி, செங்குத்தான சரிவில் நாற்று நட்டு, மேற்பார்வையிட்ட கங்காணிகளின்கீழும் கணக்கெழுதிய கிராணிகளின் பதிவேட்டிலும் வாழ்ந்து, நாள்தோறும் கொழுந்தைக் கிள்ளிய தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் 'தொழிலாளர்' என்ற ஒற்றைச் சொல்லாகவே அவற்றில் நிற்கின்றனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் தம் முன்னோர் செய்ததைப் பெயரோடும் ஆண்டோடும் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால், அது நன்னூலின் இரண்டாம் விலக்கில் அடங்கும். ஆற்றலை அறியாதவரிடையே அதைச் சொல்லுதல் தகும். ஆங்கிலத்திலும் அதற்குப் பிராக் என்றோ போஸ்ட் என்றோ பெயரில்லை. உரிமையைக் கூறுதலைக் குறிக்கும் 'கிளெய்ம்' என்பதே அதற்குரிய சொல்.